எப்பவும்னா எப்பம்?

அந்த அம்மாவின் பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால், "யாரக் கேட்டுட்டு எழுதுன?" என்றுதான் முதலில் கேட்பார். எங்கள் பக்கத்து மகளிர் காவல் நிலையத்தில் அவர் இன்ஸ்பெக்டராக இருந்த காலத்தில் நான் அவரைப் பார்த்தது ஏழெட்டு முறை இருக்கும். முதல் முறை எனக்கு உட்கார நாற்காலி கூடக் கிடையாது. அவர் மேசையில் விரித்து வைத்திருந்த மனுவில் என் பெயர் மூன்றாவதாக இருந்தது.

மனு கொடுத்தது என் மதினி, அண்ணனின் மனைவி. முதல் பெயர் என் அண்ணன், இரண்டாவது அம்மா, மூன்றாவது நான், நான்காவது கூடங்குளத்தில் வேலை பார்த்த எங்கள் தாய்மாமா. வரதட்சணை கேட்டுக் கொடுமை செய்ததாக நான்கு பேர் மீதும் புகார். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. தை மாதம் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது.

அந்த அம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். குள்ளமான உருவம், அழுத்தமான ஏரல் பக்கத்துப் பேச்சு. காவலராகச் சேர்ந்து ஒவ்வொரு படியாக ஏறி வந்தவர் என்று பிறகு கேள்விப்பட்டேன். மனுவைப் படிக்கும்போது கையில் பென்சில் வைத்திருப்பார். சில வார்த்தைகளைச் சுற்றி வட்டம் போடுவார். அன்றைக்கு மதினியின் மனுவில் பக்கத்துக்குப் பத்து வட்டம் விழுந்தது.

"வக்கீல் எழுதிக் குடுத்தாராம்மா?" என்று மதினியைக் கேட்டார்.

"ஆமா மேடம்."

"நல்ல தமிழ். சொல்லொணாத் துன்பம்னு போட்டிருக்காரு. சொல்ல முடியாதத நான் எப்படி எழுத?"

மதினி விழித்தாள். இடது கைச் சுண்டுவிரலில் இன்னும் கட்டு இருந்தது.

"இங்கன, எல்லாரும் எப்பவும் அடிப்பாங்கன்னு இருக்கு. எல்லாரும்னா யார் யாரு? எப்பவும்னா எப்பம்?"

"எப்பவும்தான் மேடம். கல்யாணம் ஆனதுல இருந்து."

"இன்னைக்குக் காலைல அடிச்சாங்களா?"

"இன்னைக்கு நான் எங்க அப்பா வீட்லல்லா இருக்கேன்."

"அப்பம் எப்பவும் இல்ல. நாளச் சொல்லு. நாள் தெரியலன்னா மாசம். மாசம் தெரியலன்னா அன்னைக்கு வீட்ல என்ன விசேஷம்னு சொல்லு. யாரு கை ஓங்குனா, என்ன வார்த்தை சொன்னா, பக்கத்துல யாரு நின்னா. பையச் சொல்லு. அவசரமில்ல."

மதினியின் அப்பா எழுந்துவிட்டார். ஆழ்வார்திருநகரியில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். "எம் பிள்ள வெரலு ஒடிஞ்சு கெடக்கு. நீங்க இலக்கணம் பாத்துட்டு இருக்கிய. அந்தப் பக்கம் வாங்கிட்டியளோ?"

நிலையத்தில் எல்லோரும் தலை தூக்கிப் பார்த்தார்கள். அந்த அம்மா கோபப்படவில்லை.

"ஐயா, நீங்க வாத்தியார். பரீட்சைத் தாள்ல பதிலே எழுதாம, எனக்கு எல்லாம் தெரியும்னு ஒருத்தன் எழுதி வச்சா மார்க் போடுவியளா? நான் எழுதுதத ஜட்ஜ் திருத்துவாரு. ஒங்க பிள்ள ஃபெயிலாயிரக் கூடாது. உக்காருங்க."

மதினி அழ ஆரம்பித்தாள். அந்த அம்மா உடனே பேனாவைக் கீழே வைத்துவிட்டார். தண்ணீர் கொண்டுவந்த பெண் காவலர், "அழாதம்மா" என்று தோளைத் தொட்டதற்கு, "அழட்டும், விடு" என்றார். அழுகை நின்ற பிறகுதான் பேனாவை எடுத்தார். இதை நான் பிறகும் பார்த்திருக்கிறேன். யார் அழுதாலும் அவர் எழுதுவதை நிறுத்திவிடுவார். அந்த நேரத்தில் எழுதினால் அழுகையைத்தான் எழுத வரும், நடந்ததை எழுத வராது என்பார்.

ஒவ்வொரு பெயராக வந்தார். எங்கள் மாமா அந்த வருடம் எத்தனை முறை வீட்டுக்கு வந்தார் என்று கேட்டார். வரவில்லை, அண்ணனோடு போனில் பேசுவதோடு சரி என்றாள் மதினி. பெயரை அடித்தார்.

"இந்தப் பிள்ள என்ன செஞ்சா?" என்று என்னைக் காட்டினார்.

"இவ கல்யாணத்துக்குப் போடத்தான் என் நகையக் கேட்டாங்க."

"கேட்டது இவளா?"

மதினி என்னைப் பார்க்காமல் சொன்னாள். "இல்ல. இவ கேக்கல."

என் பெயரையும் அடித்தார். அம்மாவின் பெயருக்கு வந்தபோது மதினி சுண்டுவிரல் கட்டைத் தடவிக்கொண்டே சொன்னாள்.

"அத்த ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. அவங்க மகன் கத்தும்போது அடுக்களைல நின்னு காய் நறுக்கிட்டே இருப்பாங்க. ஒரு வார்த்த சொல்ல மாட்டாங்க. பேசாம இருந்தது குத்தமில்லையா மேடம்?"

"குத்தந்தான்" என்றார் அந்த அம்மா. "ஆனா எங்கிட்ட அதுக்கு செக்‌ஷன் இல்ல."

அந்தப் பெயரும் போயிற்று. மிஞ்சியது அண்ணன் மட்டும். அவன் மீது மூன்று சம்பவங்கள். ஆனித் தேரோட்டத்துக்கு மறுநாள் ஒன்று, மதினியின் அப்பா வந்து போன நாளில் ஒன்று. மூன்றாவது, விரல் ஒடிந்தது.

"கொலு எடுத்து வச்ச மறுநாள், சாயங்காலம். சாமான் ரூம்ல என் பீரோவத் தொறக்கப் போனாங்க. நான் வாசல்ல கை வச்சு மறிச்சேன். உள்ள இருந்து கதவத் தள்ளி அடச்சாங்க."

"வேற யாரு இருந்தா?"

மதினி கொஞ்சம் யோசிப்பது போலிருந்தாள். "கவனிக்கல மேடம்."

நான் சுவரைப் பார்த்தேன். அன்றைக்கு நான் அவளுக்குப் பின்னால் நான்கடி தூரத்தில் நின்றிருந்தேன். அது அவளுக்குத் தெரியும்.

திரும்பி வரும்போது ஆட்டோவில் அண்ணன் உற்சாகமாக இருந்தான். நாங்குநேரிப் பக்கம் பம்ப்செட் கடை வைத்திருந்தான். ஒரு வியாபாரம் படிந்தது போன்ற முகம். "நியாயமான பொம்பள. நாலு பேர ஒண்ணாக்கிட்டா. அதுவும் நிக்காது. ஆஸ்பத்திரி சீட்டுல காத்துன்னு இருக்குல்லா?" என்று சொல்லி என் முதுகில் தட்டினான். "நல்ல வேள நீ வாயத் தொறந்த."

ஆமாம். நான்தான் வாயைத் திறந்தேன். விரல் நசுங்கிய அன்று மதினியைத் தனியார் மருத்துவமனைக்கு அழைத்துப் போனது நானும் அண்ணனும். "எப்படி ஆச்சு?" என்று டாக்டர் அவளைத்தான் கேட்டார். அவள் பதில் சொல்ல உதட்டைப் பிரிப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். "காத்துல கதவு அடிச்சிட்டு டாக்டர்." யாரும் என்னைச் சொல்லச் சொல்லவில்லை. டாக்டர் அப்படியே எழுதிக்கொண்டார். யார் சொன்னது என்பதையும் எழுதியிருந்தார் என்பது எங்களுக்குத் தெரியாது.

பத்து நாள் கழித்து அந்த அம்மா வீட்டுக்கு வந்தார். அண்ணன் மீது வழக்குப் பதிவாகியிருந்தது. இடத்தைப் பார்க்க வேண்டும் என்றார். சாமான் அறை வீட்டின் நடுவில் இருக்கிறது. உள்ளே போய் நான்கு சுவரையும் பார்த்தார். கதவைத் திறந்து மூடினார். பழைய தேக்குக் கதவு. அடியில் தரையோடு உரசும். அழுத்தித்தான் சாத்த வேண்டும். பிறகு கையிலிருந்த ஒரு தாளைக் காற்றில் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒரு நிமிடம் அப்படியே நின்றார். தாள் அசையவில்லை.

"இந்த ரூமுக்கு சன்னல் எங்க?" என்றார்.

"சன்னல் கெடையாது மேடம்" என்றாள் அம்மா, அடுக்களையிலிருந்து.

அண்ணனை வாசலில் போய் நிற்கச் சொல்லிவிட்டு, என்னைக் கூடத்தில் உட்கார வைத்தார். ஆஸ்பத்திரிப் பதிவின் நகல் அவர் மடியில் இருந்தது. நோயாளியின் கணவரின் தங்கை கூறியபடி என்று அதில் இருந்ததை என்னால் தலைகீழாகவே படிக்க முடிந்தது.

"அன்னைக்கு என்ன நடந்துச்சு?"

அடுக்களையில் கத்திச் சத்தம் நின்றிருந்தது. வாசல் படியில் அண்ணனின் நிழல் தெரிந்தது.

"காத்துல கதவு அடிச்சிட்டு" என்றேன்.

எழுதினார். எழுதி முடித்து, ஏற்ற இறக்கமில்லாத குரலில் எனக்கே வாசித்துக் காட்டினார். அதட்டவில்லை, முறைக்கவில்லை. "சரியா எழுதியிருக்கேனா?"

"சரி."

"நீ சொன்னதுல நான் ஒரு எழுத்து மாத்த மாட்டேன். மாத்தணும்னா நீதான் வந்து மாத்தணும்."

தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தார். ஷூ மாட்டும்போது, "தை மாசம் கல்யாணம்னாங்க. நகையெல்லாம் சேந்துட்டா?" என்றார். பதிலுக்கு அவர் நிற்கவில்லை. அதை அவர் எழுதிக்கொள்ளவும் இல்லை.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை, மாப்பிள்ளை வீட்டிலிருந்து என் போட்டோ ஒன்று கேட்டார்கள். அம்மா அண்ணனின் பீரோவைத் திறந்து சிவப்புக்கல் அட்டிகை ஒன்றை எடுத்து வந்து என் கழுத்தில் வைத்தாள். மதினியுடையது. விரல் ஒடிந்த அன்று அண்ணன் அவள் பீரோவிலிருந்து எடுத்தது அதைத்தான். "அவ இனி வர மாட்டா. ஒனக்கு எடுப்பா இருக்கு" என்றாள். கொக்கியை மாட்ட அவள் கை தேடியபோது எனக்கு உடம்பு கூசியது. தலை வலிக்கிறது என்று கழற்றி வைத்தேன்.

சனிக்கிழமை காலை அந்த அட்டிகையைக் கைப்பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

நான் போனபோது அவர் தனியாக இருந்தார். நகையை மேசையில் வைத்தேன். பாராட்டுவார், குறைந்தது உட்காரச் சொல்வார் என்று நினைத்திருந்தேன். அவர் பதறி எழுந்தார்.

"எடு. பைல வையி. யாரும் பாத்தாங்களா?"

"இது மதினியோட..."

"தெரியும். நீ இத இங்க கொண்டாந்தா, அவதான் ஆள வச்சுத் திருடிட்டாம்பான் ஒங்க அண்ணன். இது அவன் பூட்டி வச்ச பீரோவுக்குள்ள இருந்தாத்தான் பேசும். இருந்த எடத்துல கொண்டு போயி வையி. நான் சாயங்காலம் வந்து எடுத்துக்குவேன்."

"அவன் அதுக்குள்ள பாத்துட்டா?"

"அது ஒன் பாடு" என்றார். அப்புறம் குரலை இறக்கி, "பயமாத்தான் இருக்கும். வச்சுட்டு, பேசாம இரு" என்றார்.

அதன் பிறகுதான் உட்காரச் சொன்னார். நான் நடந்ததைச் சொன்னேன். நான் சொல்லச் சொல்ல அவர் என்னை நிறுத்திக்கொண்டே இருந்தார்.

"அண்ணன் வெறி புடிச்சவன் மாதிரி வந்தான்."

"வெறிய விடு. எப்படி வந்தான்? நடந்தா, ஓடியா?"

"வேகமா நடந்து வந்தான்."

"லைட்டு எரிஞ்சுதா?"

"கூடத்துல எரிஞ்சுது."

"எந்தக் கையால தள்ளுனான்?"

"ரெண்டு கையாலயும். முதல் தடவ தள்ளும்போது மதினி கை கதவு நெலையில இருந்துச்சு. கத்துனா. கதவு கொஞ்சம் வெலகிச்சு. அவன் கையப் பாத்தான். பாத்துட்டுத் திரும்பவும் தள்ளுனான்."

அந்த அம்மாவின் பேனா நின்றது. நிமிர்ந்து பார்த்தார். "ரெண்டு தடவையா?"

"ரெண்டு தடவ."

"மொத தடவ தெரியாமப் பட்டிருக்கலாமா?"

"இருக்கலாம்."

"கையப் பாத்தான்னு சொல்லுதியே, அவன் பாத்தத நீ பாத்தியா, இல்ல பாத்திருப்பான்னு நெனைக்கியா?"

கண்ணை மூடி யோசித்தேன். கதவு விலகிய இடைவெளியில் அண்ணனின் முகம் கீழே குனிந்திருந்தது. நிலையில் இருந்த மதினியின் கையை, அதிலிருந்த மோதிரத்தை அவன் பார்த்தான்.

"நான் பாத்தேன்" என்றேன்.

எழுதினார். பிறகு நான், குற்ற உணர்ச்சியில், எல்லாவற்றையும் கொட்ட ஆரம்பித்தேன். தேரோட்டத்துக்கு மறுநாள் அடித்தது எனக்குத் தெரியும், மதினியின் அப்பா வந்த அன்றும் அடித்தான், நான் சாட்சி சொல்லுகிறேன் என்றேன்.

"பாத்தியா?"

"மாடில இருந்தேன். சத்தம் கேட்டுச்சு."

"என்ன சத்தம்?"

"ஏதோ விழுந்த சத்தம். அடின்னுதான் நெனச்சேன்."

"ஏதோ விழுந்த சத்தம்னு எழுதுதேன். அதுக்கு மேல ஒரு வார்த்த கெடையாது. நீ பரிகாரம் தேடுதது எனக்குப் புரியுது. அத கோயில்ல போயித் தேடு. இதுல ஒரு பொய்யி இருந்தா, அத இழுத்து மத்த நெசத்தையும் உருவிப் போட்ருவாங்க."

அவமானமாக இருந்தது. கோபமாகவும் இருந்தது. அம்மாவையும் அண்ணனையும் விட்டு வந்து நிற்கிற என்னிடம் ஒரு நல்ல வார்த்தை சொல்லக்கூடாதா என்று தோன்றியது. திரும்பும் பஸ்ஸில் கைப்பையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வீட்டில் அம்மா குளித்துக்கொண்டிருந்தாள். அட்டிகையைப் பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை ஆணியில் மாட்டிவிட்டு வந்தேன். மத்தியானம் அண்ணன் சாப்பிட வந்தான். கை கழுவிவிட்டு நேரே சாமான் அறைக்குள் போனான். சாவிக்கொத்துச் சத்தம் கேட்டது. நான் தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். ஏதோ ரசீதை எடுத்துக்கொண்டு வெளியே வந்து, "என்னட்டி, பேயறஞ்ச மாதிரி இருக்க?" என்றான்.

"வயித்து வலி" என்றேன்.

நாலு மணிக்கு ஜீப் வந்தது. கூடவே கிராம நிர்வாக அலுவலரும் அவருடைய உதவியாளரும் சாட்சிக்கு வந்திருந்தார்கள். அந்த அம்மா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "சாவி எங்க தம்பி?" என்றார் அண்ணனிடம். அவனே திறந்தான். அட்டிகை இருந்த இடம், அதன் மேல் கிடந்த பட்டுத் துணியின் நிறம், எல்லாவற்றையும் சொல்லிச் சொல்லி எழுதவைத்தார். மதினியின் கல்யாணப் போட்டோவை எடுத்து நகையோடு வைத்துப் பார்த்தார். அண்ணன் கையெழுத்துப் போட்டான். போட்டுவிட்டு என்னைப் பார்த்தான். அம்மாவும் பார்த்தாள். அந்த வீட்டில் அதன் பிறகு என்னோடு யாரும் பேசவில்லை.

மூன்று வாரம் கழித்து ஒரு பெண் காவலர், எங்கள் வீட்டுக்கு வராமல் என் கல்லூரித் தோழி வீட்டுக்குப் போய், அந்த அம்மா என்னை வரச் சொன்னதாகச் சொல்லிவிட்டுப் போனார். போனேன். குற்றப்பத்திரிகை தயாராக இருந்தது.

"இது கோர்ட்டுக்குப் போனா நகல் ஒங்க அண்ணனுக்குப் போவும். நீ சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் அதுல இருக்கு. அன்னைக்கு நீ அந்த வீட்ல இருக்கக் கூடாது. எங்க போவ?"

தோழி வீடு, மாமா வீடு என்று மனதில் ஒவ்வொன்றாகத் தள்ளினேன்.

"யோசி. எடம் பாத்துட்டு வந்து சொல்லு. நீ சொன்ன பெறகுதான் இத அனுப்புவேன்."

"லேட்டானா ஒங்களுக்கு..."

"மெமோ குடுப்பாங்க. வாங்கிக்குவேன்."

அவருக்கு மெமோ வந்ததா என்று எனக்குத் தெரியாது. பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரி நூலகத்தில் உதவியாளர் வேலையும் பெண்கள் விடுதியில் ஒரு கட்டிலும் கிடைக்க எனக்குப் பதினெட்டு நாள் ஆயிற்று. பத்தொன்பதாவது நாள் குற்றப்பத்திரிகை தாக்கலாயிற்று. என் கல்யாணம் நின்றுபோனதை மாமா போன் செய்து சொன்னார். அவர் குரலில் துக்கத்தைவிட ஆச்சரியம்தான் இருந்தது. "ஒன் பேர எடுத்துட்டாங்களேட்டி, பெறகு என்னத்துக்குப் போன?" என்று கேட்டார்.

விசாரணைக்கு வர மூன்று வருடமாயிற்று. கூண்டில் ஏறியபோது எதிரே அண்ணன் நின்றான். நீதிமன்றத்தில் குற்றம் சாட்டப்பட்டவரை எதிரி என்றுதான் எழுதுவார்கள், சொல்வார்கள். எதிரியை அடையாளம் காட்ட முடியுமா என்று கேட்டார்கள். கையை நீட்டினேன்.

அண்ணனின் வக்கீல் பெரியவர், அமைதியான குரல். "ஆஸ்பத்திரியில் காற்று என்றீர்கள். போலீசிடம் முதலில் காற்று என்றீர்கள். பிறகு அண்ணன் என்றீர்கள். எது பொய்?"

"காத்துதான் பொய்."

"அந்தப் பொய்யை யார் சொல்லச் சொன்னார்கள்?"

"யாரும் சொல்லல. நானாத்தான் சொன்னேன்."

"அதாவது தூண்டுதல் இல்லாமலே பொய் சொல்லக் கூடியவர் நீங்கள்."

"ஆமா" என்றேன். வேறென்ன சொல்ல முடியும்?

"கதவு தெரியாமல் பட்டிருக்கலாம் அல்லவா?"

"மொத தடவ இருக்கலாம்."

அவர் திரும்பி நீதிபதியைப் பார்த்தார். ஜெயித்த மாதிரி ஒரு நிதானம். நான் தொடர்ந்து சொன்னேன். "ரெண்டாவது தடவ கையப் பாத்துட்டுத் தள்ளுனான். நான் நாலடி தூரத்துல நின்னேன்."

அதற்கு மேல் அவர் அதைத் தொடவில்லை. சொத்துத் தகராறு, மதினியிடம் காசு வாங்கியது என்று வேறு பக்கம் போனார். ஒவ்வொன்றுக்கும் இல்லை என்றேன்.

கடைசி சாட்சி அந்த அம்மா. நான் பின் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தேன். "மனுவில் இருந்த நான்கு பேரில் மூன்று பேரை நீங்களே நீக்கினீர்கள். அப்படியென்றால் புகார்தாரர் பொய் சொல்பவர் என்பது உங்களுக்கே தெரியும்" என்றார் வக்கீல்.

"பொய்யினு சொல்லல ஐயா. அவங்க வலியில எழுதிக் குடுத்தாங்க. அதுல எத நிரூபிக்க முடியுமோ அத மட்டும் நான் கொண்டாந்திருக்கேன்."

"நிரூபிக்க முடியாதது உண்மையாக இருக்கலாம் என்கிறீர்களா?"

"அதுக்கு நான் சாட்சி சொல்ல முடியாது ஐயா" என்றார்.

தீர்ப்பு வந்தது. மனைவியைக் கொடுமைப்படுத்திய குற்றத்துக்கு ஒரு வருடம். வரதட்சணை கேட்டதாகச் சொன்ன பிரிவில் விடுதலை. தங்கை கல்யாணத்துக்கு நகை கேட்டது உதவியா கட்டாயமா என்பதில் சந்தேகம் இருக்கிறதாம். மதினியின் அப்பா வராந்தாவில் அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "பாதிதான் கெடச்சுது ஐயா" என்றார் இவர். "சந்தேகத்தோட பலன் அவனுக்குத்தான். அதுதான் சட்டம். அதுல குத்தமில்ல." மதினி என்னிடம் வந்தாள். கோணலாகக் கூடியிருந்த சுண்டுவிரலோடு என் கையைப் பிடித்தாள். ஆஸ்பத்திரியைப் பற்றி அன்றும் அவள் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை.

அண்ணன் மேல்முறையீடு செய்தான். அது இன்னும் நடக்கிறது. அம்மா அவனோடு இருக்கிறாள்.

போன வருடம் ஆழ்வார்திருநகரிக்கு மதினியைப் பார்க்கத் திருச்செந்தூர் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். வழியில் ஒரு நிறுத்தத்தில் அந்த அம்மா ஏறினார். பருத்திப் புடவை, கையில் துணிப்பை. ஓய்வு பெற்று இரண்டு வருடமாகிறதென்றார். மூட்டு வலியால் காலை நீட்டி உட்கார்ந்தார். வெளியே வாழைத் தோட்டங்கள் ஓடின. பல வருடமாக மனதில் கிடந்ததைக் கேட்டுவிட்டேன்.

"மேடம், நான் அன்னைக்கு வராம இருந்திருந்தா?"

"காத்துன்னு முடிஞ்சிருக்கும்."

"பொய்யினு ஒங்களுக்குத்தான் தெரியும்லா?"

"தெரியும். எனக்குத் தெரிஞ்சத வச்சு ஒருத்தன உள்ள போட முடியும்னா, அன்னைக்கு நீயும் ஒங்க அம்மாவும் உள்ளதான் இருந்திருப்பிய."

"அப்படி, தெரிஞ்சும் முடிஞ்சுபோன கேஸ் இருக்கா?"

அவர் சன்னல் பக்கம் திரும்பினார்.

"இருக்கு. பதினோரு வருசம் ஆச்சு. கழுத்துல கைத்தடத்தோட வந்தா. அவன் பக்கம் பேச ஊரே வந்துச்சு, அவ பக்கம் பேச ஒரு ஆள் வரல. ரெண்டு நாள்ல அவளே வந்து ஒண்ணும் நடக்கலன்னு எழுதிக் குடுத்துட்டா. ஆதாரம் இல்லன்னு கையெழுத்துப் போட்டது நான்தான். இப்பம் அவ வீட்டுக்குத்தான் போறேன்."

"போயி?"

"ஒண்ணுஞ் செய்ய மாட்டேன். எனக்கென்ன அதிகாரமா இருக்கு இப்பம்? உக்காந்து ஒரு காப்பி குடிப்பேன். மாசம் ஒருக்க. அவன் பாப்பான்."

அவர் இறங்கிய இடத்தில் நானும் இறங்கினேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை.

ஆற்றங்கரை ஓரமாக ஒரு ஓட்டு வீடு. நாற்பத்தைந்து வயதில் ஒரு ஆள் வாசலுக்கு வந்து, கேட்காமலே இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளை எடுத்துப் போட்டான். "வாங்க மேடம்" என்ற குரலில் மரியாதையும் இருந்தது, எரிச்சலும் இருந்தது. "இது யாரு?"

"உமான்னு பேரு. ஒரு கேஸ்ல சாட்சி சொன்னவ" என்றார் அந்த அம்மா.

அவன் என்னை ஒரு முறை பார்த்துவிட்டுத் தூணில் சாய்ந்து நின்றான். அவன் மனைவி காப்பி கொண்டு வந்தாள். அந்த அம்மா அவளோடு பேசினார். மகளின் படிப்பு, ஆற்றில் தண்ணீர் வரத்து, அரிசியின் விலை. பேசிக்கொண்டே அவள் கழுத்தை, முழங்கையை, மணிக்கட்டைப் பார்த்தார். மறைத்துப் பார்க்கவில்லை. அவன் பார்க்கும்படியாக, ஒவ்வொரு இடமாக, நிதானமாகப் பார்த்தார். அவன் பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டான். காப்பி ஆறும்வரை ஊதி ஊதி அரை மணி நேரம் குடித்தார். ஒரு வார்த்தை எச்சரிக்கையாகவோ மிரட்டலாகவோ அவர் வாயிலிருந்து வரவில்லை.

நாங்கள் எழுந்தபோது அந்தப் பெண் வாசல் வரை வந்தாள். அந்த அம்மா பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று முன்னால் நடந்துவிட்டார். காலைச் சாய்த்துச் சாய்த்து வைத்துப் போனார். அந்தப் பெண் என் பக்கம் குனிந்து, உதடு அதிகம் அசையாமல் கேட்டாள்.

"அவங்களுக்கு முட்டு வலி ரொம்ப ஆயிட்டு. அவங்க வர முடியாமப் போனா, நீங்க வருவியளாக்கா?"

வருவேன் என்றேன். அவள் புருஷன் தூணருகே நின்று எங்கள் இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தான்.